மாப்பிள்ளை காரின் வெடி

எங்கள் கோழிப்பண்ணையில் யாரும் கை தட்டக் கூடாது. அது அத்தையின் சட்டம். மீறினால் காதைத் திருகிவிடுவாள். அப்போது கூண்டெல்லாம் கிடையாது. தரையில் உமி பரப்பிக் கோழிகளை விட்டிருப்போம். ஒரு டம்ளர் விழுந்தால் போதும், மொத்தமும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அத்தைகூட லேசாகக் கனைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் நுழைவாள்.

அவளுக்குக் கல்யாணம் உறுதி செய்யத் திருச்செங்கோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். போர்வெல் போடும் ரிக் லாரிகள் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளைக்குக் கார் ராலிப் பந்தயம் என்றால் பைத்தியம். அத்தை தனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். "புள்ளைக்கு வெக்கம்" என்று அப்பா சிரித்தார். அவள் வேண்டாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது.

பெரியவர்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "சாமி, அவரு காரு பட்டாசாட்டம் வெடிக்குமாம். ஒருக்கா வெடிச்சுக் காட்டச் சொல்லு, போ."

மாப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? என்னை முன்சீட்டில் உட்காரவைத்துப் பாடமே நடத்தினார்.

"வெளிநாட்டு ராலி வண்டில டர்போன்னு ஒரு காத்தாடி இருக்குது கண்ணு. இஞ்சின் உடற பொகை அதச் சுத்தும். அது சுத்துனா இஞ்சினுக்குக் காத்து நெறையப் போவும், வேகம் வரும். வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா காத்தாடி சோந்துரும். அதனால கொஞ்சம் பெட்ரோலப் பொகைக் குழாய்லயே வெடிக்க உடுவாங்க. காலை எடுத்தாலும் காத்தாடி நிக்காது."

"உங்க வண்டில காத்தாடி எங்கீங்க மாமா?"

"இதுல இல்ல. சத்தம் மட்டுந்தான்."

பண்ணைச் சரிவில் வண்டி கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து, ஆக்சிலேட்டரை மிதித்தபடி வண்டியை உருளவிட்டார். எரியாத பெட்ரோல் சைலென்சரில் போய்ச் சேர்ந்தது. கொட்டகை அருகே மறுபடி சாவியைப் போட்டார். வெடித்தது. சந்தோஷத்தில் நான் கைகூடத் தட்டினேன். பிறகுதான் உள்ளேயிருந்து அந்த இறக்கைச் சத்தம் கேட்டது.

மூலையில் கிடந்த குவியலை எல்லோருமாகப் பிரித்தோம். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு குனிந்து, செத்த கோழிகளைத் தூக்கித் தூக்கி வெளியே வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நல்ல காரியத்தில் சாவா என்று இரண்டு வீட்டிலும் முகம் சுண்டிப்போனது. கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்தது.

அத்தையின் வாழ்க்கையை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தீவன மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தை தேடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீ ஏஞ்சாமி அழுவற" என்றவள், தானும் அழுதாள்.

கல்யாணம் நின்றுபோனதற்காக அழுகிறாள் என்று வீடே நினைத்தது, நானும்தான். அவள் கண் வெளியே வரிசையாகக் கிடந்த கோழிகள் மேலேயே இருந்ததைப் பார்த்தேன். கை தட்டினாலே காதைத் திருகுகிறவள், காரை வெடிக்கச் சொல்லி என்னை ஏன் அனுப்பினாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.