அவர் பார்த்துக்கொண்டிருந்த கூரை

என் கணவருக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அதுவரை அந்தப் பழைய சின்னக் காரில் நான் உட்காரும் இடம் முன்பக்கத்து இடது இருக்கை. அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். காரை அவரே கழுவுவார், அவரே ஆயில் மாற்றுவார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. அன்றைக்குப் பிறகு நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம்.

வாரத்தில் இரண்டு நாள் கிருஷ்ணகிரிக்குப் போவோம். அவரை முதன்முதலில் எழுப்பி உட்காரவைத்த பிசியோதெரபிஸ்ட் அங்கேதான் இருந்தார். ஓசூரிலேயே வேறு ஆள் பார்க்கலாம் என்றால் என் கணவர் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் இருக்கையை நன்றாகச் சாய்த்துவிடுவேன்; படுத்த வாக்கிலேயே வருவார். நாக்குக் குழறும். ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசுவார்.

அந்தக் கோடையில் காரின் உள்கூரைத் துணி அங்கங்கே பசை விட்டுத் தொங்க ஆரம்பித்தது. ஓசூரில் கிளம்பும்போது சும்மா இருக்கும். சூளகிரி தாண்டி மேலுமலை இறங்கி வெக்கை கூடக்கூட மெல்லக் கீழே வரும். நான் குண்டூசிகளைக் குத்தி நிறுத்திவைத்தேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. கண்ணெல்லாம் முன்னால் போகும் லாரியின் மேல்தான் இருந்தது.

ஒருநாள் குருபரப்பள்ளிப் பக்கம் கார் ஒரு பள்ளத்தில் குலுங்கியபோது பக்கத்திலிருந்து "ப்பூ" என்று சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும். திரும்பிப் பார்த்தேன். துணி அவர் முகத்தின் மேல் கிடந்தது. அவர் அதை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். வலது கையால் இடது கையைப் பிடித்திருந்தார். விட்டால் அது இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் சரிந்து மாட்டிக்கொள்ளும்.

வண்டியை ஓரம் கட்டினேன்.

"எத்தன நாளா இப்பிடி?"

"ரொம்ப... நாளா."

"ஏங்க சொல்லல?"

"நீ... ஓட்டிட்டு... இருந்த."

அன்று அவரை உள்ளே பயிற்சிக்கு விட்டுவிட்டு வந்து, அவருடைய இருக்கையில் அதே சாய்வில் படுத்துப் பார்த்தேன். துணிக்குப் பின்னாலிருந்த ஃபோம் மக்கிப் பழுப்புத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணில் விழுந்து உறுத்தியது. என் நெற்றிக்கு நேர் மேலே, நான் குத்திவைத்த குண்டூசிகளில் இரண்டு பாதி கழன்று முனை தெரிய நின்றன. நான்கு மாதமாக அவர் இதைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தூளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்திருக்கிறார். அங்கேயே படுத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து எல்லா ஊசிகளையும் பிடுங்கிப் போட்டு, தொங்கிய துணியைப் பின்பக்கமாகச் சுருட்டிக் கட்டினேன்.

ஓசூரில் கார்களுக்கு சீட் கவர் தைக்கிற கடைக்காரர், முன்னால் நிறைய வண்டி நிற்கிறது, பத்து நாளாவது ஆகும் என்றார். பத்து நாள் காரை விட்டுவிட்டு என்ன செய்வது? "அப்ப துணிய வாங்கினு போய் நீங்களே ஒட்டிக்கோங்கம்மா, பொறுமையா பண்ணா வரும்" என்று முறையைச் சொல்லிக்கொடுத்தார். மாதிரித் துண்டுகளைக் கேட்டு வீட்டுக்கு வாங்கி வந்து என் கணவர் மடியில் பரப்பினேன். வெள்ளையை முதலில் ஒதுக்கினார்.

"வோணாம். ஆஸ்பத்திரி."

சாம்பலையும் ஒதுக்கினார். கடைசியில் கரும்பச்சையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மறுநாள் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இது சீட்டுக்குப் போடறதும்மா. மேல யாரும் போடமாட்டாங்களே."

"எங்க வீட்டுக்காரர் மேலதான் பாத்துனு வர்றாருங்க" என்றேன். கடைக்காரர் பச்சையையே வெட்டித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்வந்ததும் வேலையைத் தொடங்கினோம். சக்கர நாற்காலியை வாசலில் போட்டு, அவர் மடியில் ஒரு தட்டை வைத்தேன். நான் கழற்றிக் கழற்றிக் கொடுத்த ஸ்க்ரூக்களை அவர் ஒரே கையால் அளவு பார்த்துப் பிரித்து வைத்தார். உள்விளக்கு, கைப்பிடிகள், ரப்பர் பட்டைகள் எல்லாம் வந்துவிட்டன. துணி ஒட்டியிருந்த பெரிய அட்டைதான் வரவில்லை. நான் பின்கதவு வழியாக அதை இழுத்துக்கொண்டிருந்தபோது மாடி வீட்டுப் பெண் நைட் ஷிப்ட் முடிந்து வந்தாள். கன்னடக்காரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். செல்போன் செய்கிற தொழிற்சாலையில் வேலை.

"அக்கா, உடைச்சிடுவீங்க. சொல்ப இருங்க" என்று பையை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

தூங்கப் போ என்று எவ்வளவு சொல்லியும் அவள் போகவில்லை. இருவரும் பழைய துணியை உரித்து, பழுப்புத் தூளையெல்லாம் பிரஷால் தேய்த்து எடுத்தோம். பசை தடவிக் காயவிட்டுத் துணியை ஓரத்திலிருந்து ஒட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓரத்துல ஆரம்பிச்சா காத்து மாட்டிக்கும் அக்கா. மத்தியிலேந்து போகணும். நான் டெய்லி கண்ணாடிக்கு பிலிம் ஒட்டறேனே!"

துணியைப் பாதியாக மடித்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனாள். நாற்காலியை அட்டைக்குப் பக்கத்தில் தள்ளிக் கொண்டுவந்து விட்டேன். அவரும் வலது கையை நீட்டி நீவ ஆரம்பித்தார். அவர் கை எட்டிய இடம் முழுக்க ஒரு சுருக்கம் இல்லை. நான் செய்த மூலையில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. அதைப் பிய்த்து மறுபடி ஒட்டப் போனேன்.

"விடு" என்றார். "அழகா... இருக்குது."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் கோணிய வாயோடு சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினோம். மேலுமலை இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. கூரையைப் பார்க்கத் துணியாமலே ஓட்டினேன். "எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நிழலாகப் பார்த்து நிறுத்தித் திரும்பினேன்.

தூங்கிப்போயிருந்தார். நான் ஓட்டிய காரில் அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. மேலே துணி அசையாமல் இருந்தது. அவருடைய இடது கை மட்டும் சரிந்து கிடந்தது. அதை மெல்ல எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். பிசியோதெரபிஸ்ட் வெளியே வந்து, "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றார்.

உதட்டில் விரலை வைத்துக் காரைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனார்.