எருமையை மீட்ட தப்புத் தாளம்

நாங்கள் இப்போது குடியிருக்கும் ரவுண்ட் ராக் நகரில் பக்கத்து வீட்டுக்காரர் மரச் சுத்தியலால் வேலிக் கம்பம் அறைந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் இருந்த ஜாவாவுக்குக் கொண்டுபோனது.

அப்பாவுக்கு அங்கே நூற்பாலையில் வேலை. நாங்கள் குடியிருந்த சிற்றூரின் முச்சந்தியில் ஒரு காவல் குடிசை உண்டு. அதில் கெந்தோங்கான் என்னும் குடைந்த மரக்கட்டை தொங்கும். திருட்டுக்கு ஒரு தாளம், தீக்கு வேறொரு தாளம். ஊருக்குப் போலீஸும் ஃபயர் சர்வீஸும் அதுதான்.

ஒரு மதியம் எல்லோரும் அறுவடைக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு ஸ்ரீ அக்காவின் எருமையை எவனோ அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான். அந்த வீட்டின் ஒரே சொத்து அது. பாஷை தெரியாமல் ஆறு மாதமாக யாரிடமும் பேசாதிருந்த அம்மா, என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கட்டையை அடி அடியென்று அடித்தாள். தாளத்தில் வித்தியாசம் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

வாளியிலும் பானையிலும் வாய்க்கால் தண்ணீரை மொண்டுகொண்டு ஊரே ஓடிவந்தது. அம்மா அடித்தது தீக்கான தாளம்! அவள் கைநீட்டிய பக்கம் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். தலையில் இரண்டு வாளித் தண்ணீர் விழுந்ததும் திருடன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். ஸ்ரீ அக்கா எருமையையும் அம்மாவையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது அம்மா எங்களோடுதான் இருக்கிறாள்.

“அன்னிக்குத் தப்பா அடிச்சுட்டியேம்மா” என்றேன்.

காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “ஊரு வந்துச்சா, இல்லையா?”