நண்டுக் கோது மாலை

வல்வெட்டித்துறைக் கேதீஸ்வரிக்கு நண்டு நாற்றம் புதிதல்ல. பிறந்ததும் மீன்பிடிக் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டதும் கடலுக்குப் போகிறவனுக்கு. கணவன் முதுகு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு நண்டுக் கொம்பனியில் சேர்ந்தாள். அவித்த நண்டின் சதையைப் பிரித்தெடுக்கும் வேலை. அதில்தான் வீட்டில் உலை ஏறுகிறது. அந்த நாற்றம் சவுக்காரம் போட்டால் போய்விடும். சுப்பவைசர் ஜெயரூபனின் நாற்றம் எதைப் போட்டாலும் போகாது.

மடிப்புக் குலையாத சட்டை, எந்நேரமும் ஒரு இளிப்பு. வெள்ளிக்கிழமை தோறும் ஆகக் குறையச் சதை எடுத்தவளின் கழுத்தில், முதல்நாள் நண்டுகளின் வெறும் ஓடுகளை, அந்தக் கோதுகளை, தங்கூசி நைலோன் நூலில் கோத்து மாலையாகப் போடுவான். அழுகல் தண்ணீர் நெஞ்சில் வடிய, தேநீர் மணி அடிக்கும்வரை அவள் அப்படியே நின்று வேலை செய்யவேண்டும். அதைப் படம் எடுத்துக் தன் கீழ் வேலை செய்யும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். குழுவின் பெயர் ‘எங்கள் குடும்பம்’. த்தூ! குடும்பமாம் குடும்பம். போன கிழமை மாலை விழுந்த தாரிகா, சின்னப் பெட்டை, வாந்தியெடுத்துவிட்டாள். அதையும் படம் எடுத்தான்.

இந்தக் கிழமை கேதீஸ்வரியின் முறை. நண்டு முள் குத்தி விரல் வீங்கியிருந்ததால் கை ஓடவில்லை. மாலை விழுந்தது.

“சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ அக்கா, விளையாட்டுத்தானே,” என்று பக்கத்தில் நின்றவள் கிசுகிசுத்தாள். கேதீஸ்வரி சிரிக்காவிட்டால் ஜெயரூபனின் கோபம் அடுத்ததாகத் தன் கழுத்தில் விழும் என்ற பயம் அவளுக்கு. கேதீஸ்வரி சிரிக்கவில்லை. வேலை போய்விடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கென்று கொம்பனியில் தொழிலாளர் நலன் பார்க்கும் பியாட்றிஸ் மிஸ் கொழும்புத் தலைமையகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஜெயரூபன் விழுந்தடித்து ஓடிவந்தான்.

“கழட்டு, கெதியாக் கழட்டு!”

அதற்குள் மிஸ் மேசையடிக்கே வந்துவிட்டார். “இதென்ன மாலை?”

“இது... கடற்கரைச் சனத்தின்ரை வழக்கம் மிஸ். திறமா வேலை செய்யிற ஆளுக்குப் போடுற மரியாதை.”

தன் கழுத்தில் கிடந்த அழுகலைக்கூடப் பொறுத்துக்கொண்ட கேதீஸ்வரி, அதைத் தன் சனத்தின் தலையில் கட்டியதைப் பொறுக்கவில்லை.

“எங்கடை கரையிலை உப்பிடியொரு வழக்கம் இல்லை மிஸ்.” மாலையைக் கழற்றிக் கையில் எடுத்தாள். “மரியாதையெண்டால் முதல்லை சேருக்கெல்லோ போடவேணும்.”

அவன் கழுத்துக்கு நேரே நீட்டினாள்.

“சீ! அங்காலை கொண்டு போ!” ஜெயரூபன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். மாலை அவன் காலடியில் விழுந்தது.

“ஏன் சேர் சீ எண்டுறியள்? மரியாதைதானே?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மற்ற மேசையிலிருந்து தாரிகாவின் குரல் நடுங்கி வந்தது.

“போன கிழமை எனக்குப் போட்டவர் மிஸ்.”

“அதுக்கு முதல் எனக்கு,” என்றாள் இன்னொருத்தி.

கேதீஸ்வரி மேசைக்குத் திரும்பி அடுத்த நண்டை எடுத்தாள்.

“என்னை வேலையால நிப்பாட்டுறதெண்டால் இப்பவே, மிஸ்ஸுக்கு முன்னாலை சொல்லுங்கோ சேர்.”

மிஸ் நிலத்தைக் காட்டினார்.

“முதல்லை உந்த மாலையை எடும். கையாலை.”

ஜெயரூபன் ஓங்காளித்துக்கொண்டே குனிந்தான்.