ஓடத்தில் இருந்து எண்ணுபவர்

தோவாளையில் பூக்கடை முன்னால் பூதலிங்கத்தின் மைத்துனர் பெரிய ரோஜா மாலை கட்டச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நான், எந்தச் சாமிக்கு இவ்வளவு பெரிய மாலை என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தானுக்காக்கும். மூணு நாளு காய்ச்சல். காலம்பற போயிட்டாரு" என்றார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் நாக்கு கூசுகிறது.

பூதலிங்கம் எங்கள் பள்ளியின் பூகோள ஆசிரியர். அவரிடம் படித்தவர்களுக்கு அவர் கரும்பலகையில் வரையும் இந்தியா நினைவிருக்கும். தென்மேற்கே கடலுக்குள் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைக்காமல் அவர் படத்தை முடித்ததில்லை. அது மினிக்காய்த் தீவு. அந்தப் புள்ளிக்குப் போய்க் கடலுக்கடியில் இறங்கிப் பார்க்க, அவரும் தமிழ் ஆசிரியனான நானும் ஐந்து வருடம் திட்டம் போட்டோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

பழைய புத்தகக் கடையில் அவருக்குக் கிடைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில்தான் எல்லாம் தொடங்கியது. முதுகில் காற்றுக் குப்பி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் பவளப் பாறைகளுக்கு நடுவே மீன்களோடு நீந்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்துவைத்து, "நம்ம ஊருல வயலுக்குள்ள தண்ணி நிக்கும். அங்க தண்ணிக்குள்ள வயலே நிக்கு. பாக்காண்டாமா வே?" என்றார். பார்க்கத்தான் வேண்டும் என்றேன். உண்மையாகவே ஆசைப்பட்டேன். தண்ணீரில் தலை முங்கினால் எனக்கு உயிரே போய்விடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குப்பி கேட்டுப் பம்பாய்க்கு எழுதினார். பதில் வரவில்லை. குப்பி வரும்போது வரட்டும், அதற்குள் கண்ணையும் மூச்சையும் பழக்கிவிடலாம் என்றார். அருமனையில் தோட்டம் வைத்திருந்த நண்பரிடம் ரப்பர் ஷீட் வாங்கி, ஜன்னல் கண்ணாடியை வட்டமாக வெட்டிப் பொருத்தி, தாமே ஒரு முகமூடி செய்தார். ஞாயிறு காலைகளில் அதை மாட்டிக்கொண்டு அவர் ஊர்க் குளத்தில் முங்குவார். நான் படித்துறையில் உட்கார்ந்து எண்ணுவேன். களத்தில் நெல் அளப்பவரைப் போல, ஒன்று என்று சொல்லாமல், "லாபம், ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ண வேண்டும். அந்தக் குரல் உள்ளே கேட்கிறது என்று அவர் சாதிப்பார். தொண்ணூறு வரை எண்ணியிருக்கிறேன். ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் முகத்தில் தடித்த வட்டம் திங்கட்கிழமை வகுப்பிலும் இருக்கும்.

வயலுக்குப் போகிறவர்கள் ஏதோ தவறிவிட்டது போலும் என்று நினைத்து, கிடைத்ததா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் ஓர் அம்மாள் தன் கம்மல் குளத்தில் விழுந்துவிட்டதாக உண்மையிலேயே வந்து நின்றார். பூதலிங்கம் மூன்று ஞாயிறு சேற்றைத் துழாவி அதை எடுத்துக் கொடுத்தார். மினிக்காய் போவதற்கு இது நல்ல சகுனம் என்று அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குச் சித்திரையில்தான் விடுமுறை. கோழிக்கோட்டிலிருந்து ஓடம் ஏறி, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடிக்குமுன் திரும்பிவிட வேண்டும். ஒரு வருடம் அவர் வீட்டுக் கல்யாணம் குறுக்கே வந்தது. மற்ற வருடங்களில் குறுக்கே வந்தது நான்தான். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

போன பங்குனியில் தீவுக்கு அனுமதி வந்தது. சைக்கிளை என் வீட்டு வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ரெண்டு பேரு பேரும் இருக்கு வே" என்று காகிதத்தைத் தடவித் தடவிக் காட்டினார். எனக்கு முதுகுவலி என்றேன். நீர் தனியாகப் போய்வாரும் என்று சற்றுக் கோபமாகவும் சொன்னேன், பயந்தவனுக்குக் கோபம் எளிதாக வருகிறது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீரு இல்லாம எப்படிப் போறது? அடுத்த வருசம் போவோம்" என்றார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தபோது, அவர் மனைவி, நான் மைனி என்று அழைப்பவர், முகமூடியையும் ஒரு காகிதக் கட்டையும் என்னிடம் கொடுத்தார். அந்தக் கட்டுக்குள் இருந்தது அனுமதிக்காக அவர் எழுதிய ஆங்கில விண்ணப்பத்தின் நகல். பயணிகள் இருவர் என்று எழுதியிருந்தார். ஒருவர் நீரில் இறங்குவார். மற்றவர் ஓடத்தில் இருந்து எண்ணுவார்.

நான் அதையே திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்து மைனி சொன்னார்: "உங்களுக்குத் தண்ணிண்ணா பயம்னு அவருக்கு ஆரம்பத்துலயே தெரியும் அண்ணாச்சி. நீங்களா சொல்லட்டும்னு இருந்தாரு."

அன்று மாலை முகமூடியை மாட்டிக்கொண்டு அந்தக் குளத்தில் கழுத்தளவு இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு முங்கினேன், பிறகு திறந்தேன். பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மனதுக்குள் நானே எண்ணினேன். ஏழுக்குமேல் தாங்கவில்லை. எழுந்ததும் படித்துறையைத்தான் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

முகமூடியின் ரப்பர் இளகத் தொடங்கிவிட்டது, இன்னும் அதிக நாள் தாங்காது. லாபம் என்று தொடங்கித் தொண்ணூறு வரை போகும் அந்த எண்ணிக்கைதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அவர் என்னிடம் கேட்டதும் அது ஒன்றுதான்.