பாலைவனத்துக்குப் போன நெத்திலி

பாலைவனத்துக்கு மீன் கொண்டு போனவர்கள் நாங்கள். அம்மாவும் நானும், ரயில் மாறி ரயில் மாறி, ஒரு தகர டின் நிறைய நெத்திலிக் கருவாட்டோடு.

சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். ஜெய்சல்மேரில் சித்திக்கு ஒரு வீட்டில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் எல்லைக்குப் போய்விட்டார். சித்தி மாசமாக இருந்தாள். எதைத் தின்றாலும் வயிற்றில் நிற்கவில்லை. அடையாற்றில் எங்கள் தெருமுனை டெலிபோன் கடைக்குப் போன் போட்டு அழுதாள்.

"அக்கா, ஒரு வாய் கருவாட்டுக் கொழம்பு துன்னா பொழச்சிப்பேன்க்கா. ஆனா வூட்டுக்காரம்மா சுத்த சைவம். தெரிஞ்சா சாமானத் தூக்கி வெளிய போட்டுடும்."

அம்மா மயிலாப்பூரில் மீன் விற்றவள். "என் தங்கச்சி கருவாடு இல்லாம காயறதா?" என்று கூடையை அன்றே இறக்கிவைத்தாள்.

டின்னைச் சுற்றித் துணி, துணிக்கு மேல் பவுடர், பவுடருக்கு மேல் மல்லிப்பூ. கல்யாண மண்டபத்தில் வலை காயப்போட்ட மாதிரி ஒரு வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. எதிர் சீட்டுப் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்னம்மா என்று கேட்டார்.

"மருந்துங்க. புள்ளத்தாச்சிக்கு" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஜன்னலுக்கு வெளியே மரங்கள் குள்ளமாகி, புதராகி, புதரும் தேய்ந்து, கடைசியில் மணல். மணல், மேலும் மணல், மணலைத் துரத்திக்கொண்டு மணல். நான் கடலைத் தேடினேன். மணல் இருந்தால் பக்கத்தில் கடல் இருக்க வேண்டுமே; பட்டினப்பாக்கத்தில் அப்படித்தானே!

சித்தி குடியிருந்தது, வெயிலைக் குழைத்துக் கட்டியது போன்ற மஞ்சள் கல் வீடு. ஜன்னலெல்லாம் கல்லிலேயே பின்னிய ஜல்லடை. முற்றத்தில் வீட்டுக்காரம்மா மருமகள்களோடு உட்கார்ந்து துணியில் கண்ணாடிச் சில்லு பதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சில்லிலும் என் மூஞ்சி, பொட்டுப் பொட்டாக. அவர் மடியில் ஒரு சிவப்பு ஒட்டகம் உருவாகிக்கொண்டிருந்தது. கழுத்து, திமில், சலங்கை எல்லாம் இருந்தன, கால் மட்டும் இல்லை.

டின் உள்ளே வந்ததும் அவர் ஊசி நின்றது. மூக்கு விடைத்தது. இந்தியில் ஏதோ கேட்டார். சித்தியின் முகம் வெளுத்துப்போனது.

"மருந்துன்னு சொல்லுடி" என்றாள் அம்மா.

சித்தி சொன்னாள். அவர் டின்னைப் பார்த்தார், சித்தியின் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வீடே கிளம்பியது. மருமகள்கள், குழந்தைகள், ரொட்டி மூட்டை, தையல் மூட்டை; அதில் இன்னும் கால் முளைக்காத அந்த ஒட்டகம். வீட்டுக்காரம்மா சாவியைச் சித்தி கையில் வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"கோயில்ல திருவிழாவாம்க்கா. சாயந்தரம்தான் வருவாங்களாம்."

"பாத்தியா, சாமியே வழி உட்டுச்சு!" அம்மா புளியைக் கரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கதவைச் சாத்தி, கல் ஜல்லடைகளில் போர்வையைத் தொங்கவிட்டு, மூன்று பேரும் புகையில் இருமிக் கண்ணீர் விட்டுக் குழம்பு கொதிக்க வைத்தோம். சித்தி தின்றாள். தட்டை வழித்தாள், சட்டியை வழித்தாள். பிறகு நானும் அம்மாவும் அடுப்பில் பாலைப் பார்ப்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொங்கவில்லை. ஏப்பம்தான் வந்தது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் கரண்டி கீழே விழுந்து உருண்டது.

போர்வையை எடுத்து, ஊதுபத்தி கொளுத்தி, ஒன்றும் அறியாதவர்களாக உட்கார்ந்திருந்தோம். இருட்டுவதற்கு முன் அவர்கள் திரும்பினார்கள். வீட்டுக்காரம்மாவின் பாவாடை ஓரமெல்லாம் மணல். வந்ததும் சித்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மருந்து வயித்துல தங்கிச்சான்னு கேக்குதுக்கா."

"தங்கிச்சின்னு சொல்லு, தங்கிச்சின்னு சொல்லு!"

அவர் சித்தியின் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். கையிலிருந்த துணியை உதறி விரித்தார். காலையில் காலில்லாமல் கிடந்த ஒட்டகம், நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்றது.

எனக்கு ஒட்டகமா பெரிசு? திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தவர்கள் கையில் ஒரு பலூன் இல்லை, பீப்பீ இல்லை, ஒரு மிட்டாய்கூட இல்லை. எனக்கென்று ஒன்றும் வாங்கி வரத் தோன்றாத அந்த அம்மாள்மேல், தூக்கம் வரும்வரை கோபமாகவே படுத்திருந்தேன்.