அழகம்மா குடித்த சீரகக் கசாயம்

1. லொறி

நான் பிரசவம் பார்க்கும் மிட்வைபாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயா சொன்ன முதல் புத்திமதி தாயைப் பற்றியும் இல்லை, பிள்ளையைப் பற்றியும் இல்லை. லொறியைப் பற்றி.

"நர்ஸம்மா, எது வேணும்னாலும் கேளுங்க. லொறிய மட்டும் சும்மா கூப்பிட்டுப்புடாதீங்க. தொரைக்கு லொறின்னா உசுரு."

அறுபதுகளின் தொடக்கம் அது. பலாபத்வலையிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டிய தோட்டம். கீழே ரப்பரும் கொக்கோவும், மேலே தேயிலையும். இருந்தது ஒரே லொறி. கொழுந்தும் அதில்தான் போகும், சிக்கலான பிரசவம் என்றால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தாயும் அதில்தான் போக வேண்டும்.

புதன்கிழமை தோறும் பிள்ளைக்காம்பராவில் கிளினிக் வைப்பேன். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. மாதம் ஏறியவர்களைப் பெஞ்சில் படுக்க வைத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். மரக்குழலைக் காதில் வைத்துப் பிள்ளையின் துடிப்பை எண்ணுவேன். காலில் வீக்கம் பார்ப்பேன். சிறுநீரை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, வெள்ளையாகத் திரிகிறதா என்று பார்ப்பேன். வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

2. சூட்டு வலி

அழகம்மா கொழுந்து பறிக்கிறவள். மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் குவாட்டர்ஸுக்கு வந்தாள்.

"இழுத்து இழுத்துப் புடிக்குது நர்ஸம்மா. பயமா இருக்குங்க."

எனக்கும் பயம் வந்தது. லொறியைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அது பொய் வலி என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைய கொழுந்து, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போகப் பிந்திவிட்டது. தோட்டத்தை நடத்தும் தொரை டிஸ்பென்சரைத் திட்டினார், டிஸ்பென்சர் என்னைத் திட்டினார். நான் யாரைத் திட்டுவது?

அடுத்த புதன்கிழமை கிளினிக்கில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க லொறிக்காரி! மாத்தளை டவுன் எல்லாம் சுத்திப் பார்த்தாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அழகம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இனிமே வயித்துல என்னமும் செஞ்சா சீரகக் கசாயம் வச்சுக் குடி. சூட்டு வலின்னா அடங்கிரும். வலி கூடினா மட்டும் என்கிட்ட வா. சும்மா சும்மா வந்து நிக்காத."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம்தான் அது. ஆனால் படித்துப் பட்டம் வாங்கிய நான் சொன்னதும் அது சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு தோட்டம் முழுவதும் அவளுக்கு லொறிக்காரி என்றே பெயர்.

கடைசி செக்கப்பில் பிள்ளையின் தலை இன்னும் கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு அப்படி இருப்பது வழக்கம்தான். ஆனால் தலை இறங்காத நிலையில் பனிக்குடம் உடைந்தால், தண்ணீரோடு தொப்புள்கொடியும் நழுவி வரலாம். அதனால் வலி இல்லாவிட்டாலும், தண்ணீர் கசிந்த உடனே வரச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அன்றைக்கும் லொறியைப் பற்றி ஏதோ கேலி பேசி அனுப்பிவிட்டேன்.

3. மழை

பத்து நாள் கழித்து ஒரு மழை நாள். நிறைமாதத்தோடு அழகம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு முழுக்க ஈரம். காலையில் காலோடு சூடாக ஏதோ வழிந்திருக்கிறது. மழைத் தண்ணீரா, சிறுநீரா என்று அவளுக்கே தெரியவில்லை. வலி என்று சொல்லும்படி இல்லை, அடிவயிற்றில் லேசாக ஒரு பிடிப்பு மட்டும். பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்தவள் சீரகக் கசாயம் வைத்துக் குடித்திருக்கிறாள். வலி கூடவில்லை. மறுபடியும் மலைக்கு ஏறிவிட்டாள்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வலி கண்டது. புருஷன் சுப்பையா ஓடி வந்து என்னைக் கூப்பிட்டான். நான் போனபோது கொடி வெளியே வந்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன், துடிப்பு இல்லை. குழலை வயிற்றில் வைத்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காலையில் காலோடு வழிந்ததை அப்போதுதான் அவள் சொன்னாள்.

"காலையில தண்ணி வந்தப்பவே ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"வலி கூடினாதானே வரச் சொன்னீங்க. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன் நர்ஸம்மா."

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தான் தப்புச் செய்யவில்லை என்று எனக்கு நிரூபிக்கத்தான் அப்படிச் சொன்னாள். லொறி வந்தது. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். ஆண் பிள்ளை. கொண்டுபோகும் முன்பே இறந்திருந்தது.

4. புதன்கிழமை

இரண்டு வருஷம் கழித்து அழகம்மா மறுபடியும் உண்டானாள். கிளினிக்குக்குத் தவறாமல் வருவாள், வரிசையில் கடைசியாக நிற்பாள். ஒன்பதாம் மாதம் ஒரு புதன்கிழமை, எல்லோரும் போகும்வரை காத்திருந்து மெல்லக் கேட்டாள்.

"நர்ஸம்மா, முதுகுல லேசா ஒரு வலி. இப்ப சொன்னா பரவாயில்லீங்களா?"

பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும், வாயைத் திறப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள். அவளை அப்படி ஆக்கியவள் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசினது தப்பு அழகம்மா" என்றேன். அவள் பதறிப்போய், "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள்.

லொறியைக் கூப்பிட்டேன். டிஸ்பென்சர் முணுமுணுத்தார். நானும் கூடவே ஏறிப் போனேன். அதுவும் பொய் வலிதான். மறுநாள் அதே லொறியில் இரண்டு பேரும் திரும்பி வந்தோம். கொழுந்து நிறுவையில் நின்ற பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அழகம்மாவுக்கு முன்னால் இறங்கி நின்று, "இன்னைக்கு லொறிக்காரி நான்தான்" என்றேன். அடுத்த வாரம் மறுபடியும் லொறியைக் கூப்பிட்டேன். அந்த முறை பிள்ளை உயிரோடு பிறந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பனிக்குடம், கொடி, தலை இறங்குவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். ஒரு தாய் பத்துத் தடவை சும்மா வந்தாலும் பதினோராவது தடவையும் வரும்படி அவளிடம் பேசுங்கள். நான் பேசத் தெரியாமல் பேசியதற்கு விலை கொடுத்தது அந்த ஆண் பிள்ளை.