அவள் கேட்ட ஜன்னல்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படிகள் இருந்தன. தெருத்தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வீடு கட்டும்போது நான்தான் உயர்த்திக் கட்டச் சொன்னேன். அப்போது மகளுக்கு மூன்று வயது. அந்தப் படிகளில் ஏறி இறங்குவதுதான் அவளுக்கு விளையாட்டு. எட்டு வயதில் அதே படிகளில் விழ ஆரம்பித்தாள்.

முதலில் செருப்பு சரியில்லை என்று நினைத்து வேறு வாங்கிக் கொடுத்தோம். பிறகு ஒருநாள் அவள் தரையிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, தன் உடம்பைத் தானே மேலே தள்ளிக்கொண்டு எழுந்தாள். அறுபது வயது ஆள் எழுந்திருப்பது போல இருந்தது. உள்ளூர் டாக்டர் திருநெல்வேலிக்கு அனுப்பினார், திருநெல்வேலியில் மதுரைக்கு அனுப்பினார்கள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கும் வியாதி என்று மதுரை டாக்டர் சொன்னார். காலில் தொடங்கியிருக்கிறது, இடுப்புக்கும் கைக்கும் வரும், கடைசியில் மூச்சு விடும் தசைக்கும் வரும் என்றார். மருந்து எதுவும் இல்லையா என்று கேட்டேன். "நல்லா பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளின் பெயர்ப்பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள். ராஜபாளையம் தாண்டிய பிறகு மனைவி, "நாளைக்கு அம்மனுக்கு மாவிளக்கு போடணும்" என்றாள்.

நான் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன் போனால் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பிற்பகல் முழுவதும் என் கையில் இருந்தது. அந்தப் பிற்பகல்களில்தான், அதுவரை சுவரில் ஓர் ஆணிகூட ஒழுங்காக அடிக்கத் தெரியாத நான், வீட்டை உடைத்துக் கட்டக் கற்றுக்கொண்டேன்.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது சக்கர நாற்காலி வந்தது. செல்போனில் வீடியோ பார்த்து, அரை மூட்டை சிமெண்ட் வாங்கி, வாசல்படிகளின் மேல் நானே ஒரு சரிவு போட்டேன். காய்ந்ததும் மகளை உட்கார வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"எப்பா, இது வீல்சேருக்குப் போட்டியளா, சறுக்கி வெளயாடப் போட்டியளா?"

கீழே இறக்கிவிட்டேன். மேலே தள்ளும்போதுதான் வினை வந்தது. முன்சக்கரங்கள் மேலே தூக்கிக்கொண்டு நாற்காலி என் மேல் சாய்ந்தது. மனைவி கத்திக்கொண்டே ஓடிவந்து பிடித்தாள். நடுவில் மல்லாந்து கிடந்த மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அவளே போனில் தேடி, உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டுமாம் என்று சொன்னாள். பக்கத்துத் தெருக் கொத்தனாரைக் கூப்பிட்டு, நான் போட்டதை உடைத்துவிட்டு, காம்பவுண்ட் சுவரை ஒட்டி நீளமாக வேறு சரிவு போட்டோம். அதற்குப் பிறகு எந்த வேலையானாலும் அந்தக் கொத்தனாரும் நானும்தான்.

மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. குளியலறைக் கதவு நாற்காலிக்கு அகலம் போதவில்லை என்று நிலையைப் பெயர்த்த அன்று, அவள் வாளியைத் தரையில் டங்கென்று வைத்தாள்.

"நான் தூக்கிட்டுப் போறேன்லா? செவர எதுக்கு இடிக்கிய?"

"எத்தன நாளு தூக்குவ? உனக்கே இடுப்பு வலிக்குன்னு சொல்லுத."

"என் இடுப்பு. நான் பாத்துக்கிடுதேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி, அவ இனிமே நடக்கவே மாட்டான்னு நீங்களே முடிவு கட்டிட்டிய."

அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்துவந்து மகளின் முழங்காலில் பூசிக்கொண்டிருந்தாள். நான் மண்ணும் சிமெண்டும் குழைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "எம்மா, அப்பா செவரத்தான ஒடைக்காவ, என்னையவா ஒடைக்காவ?" என்று குரல் கொடுத்தாள். மனைவி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். கதவு அகலமான பிறகும் பல மாதம் அவள் மகளைத் தூக்கிக்கொண்டுபோய்த்தான் குளிக்க வைத்தாள். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போன ஒரு காலையில்தான், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு சுவிட்சுப் பெட்டிகளைக் கீழே இறக்கினோம். ஃபேன் போட, லைட் அணைக்க ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது என்று மகள் சொன்னாள். எலக்ட்ரீஷியன் வேலையை முடித்துவிட்டுப் போனதும், நாற்காலியில் வீடு முழுக்கச் சுற்றிவந்து எல்லா லைட்டையும் போட்டாள். பட்டப்பகல். மனைவி கரண்ட் பில் பற்றி முணுமுணுத்தாளே தவிர எதையும் அணைக்கவில்லை.

மகள் பிளஸ் டூ வரை பள்ளிக்கூடம் போனாள். நான் மதிய இடைவேளையில் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவேன். மேல் வகுப்புகள் மாடியில் நடந்தன. அவளுக்காக அந்த வகுப்பை மட்டும் கீழே கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தாள். வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தது அப்போதுதான். கைகளைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனதும் அப்போதுதான்.

முன்னறையில் அவள் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். தெருவில் போகிற ஆட்களைச் சத்தத்தை வைத்தே சொல்வாள். பால்காரர் பைக் செயின் லூசாகிவிட்டது, எதிர்வீட்டு மாமா புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார், கீரைக்காரியம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். வெளியே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"எப்பா, இங்கன வந்து என் சேர்ல ஒக்காருங்க."

அவள் கட்டிலில் இருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வெளிய பாருங்க. என்ன தெரியிது?"

பார்த்தேன். கரண்ட் கம்பி தெரிந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. அதற்கு மேல் வானம். ஜன்னலின் அடிமட்டம் என் கழுத்துக்கு மேலே இருந்தது.

"அந்தத் தொட்டிய பாத்துப் பாத்துப் போரடிச்சுட்டு. ஜன்னல கீழ எறக்க முடியுமா?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "வேண்டாம். தெருவுல போறவன் வாரவன்லாம் உள்ள எட்டிப் பாப்பான்."

"பாக்கட்டும்மா. நானும் பாப்பேன்லா."

மனைவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கொசு வல போட்டுத் தரச் சொல்லுங்க. ஏற்கெனவே சளி பிடிச்சிருக்கு அவளுக்கு" என்றாள். வீட்டில் நான் செய்த வேலைகளில் அவள் வாய்திறந்து சம்மதித்தது அது ஒன்றுதான்.

அளவையெல்லாம் மகளே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் வரை இறங்க வேண்டும் என்று காட்டினாள். கொத்தனார் சாக்பீஸால் கோடு போட்டார். குறுக்குக் கம்பி கண்ணை மறைக்கும், நெடுக்குக் கம்பி மட்டும் போதும் என்றாள். பட்டறையில் கிரில் செய்யக் கொடுத்தேன். தூசி ஆகாது என்பதால் அவளைப் பின்னறைக்கு மாற்றிக் கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துவிட்டு, பழைய ஜன்னலைப் பெயர்த்துச் சுவரை உடைத்தோம். ஐப்பசி மழை அந்த வாரம்தான் பிடித்தது. இடைவெளியில் தார்ப்பாயைக் கட்டினோம்.

அவளுடைய சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. இரும முயன்றாள், இருமுவதற்கு உடம்பில் பலம் இல்லை. உதடு நீலம் பாரித்ததும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். இந்த வியாதிக்காரர்களுக்கு ஒரு சாதாரண சளி போதும் என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எனக்குள் தூசிதான் ஓடிக்கொண்டிருந்தது. தூசியாலா என்று கேட்கவும் செய்தேன். அதனால் இல்லை என்றார். நம்பினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் மகள் கண்ணைத் திறந்தாள். மாஸ்கை நகர்த்தச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"கிரில்லு வந்துட்டா?"

"நாளைக்குத் தாரேன்னு சொல்லியிருக்கான் மக்கா."

"நெடுக்குக் கம்பிதான?"

"நெடுக்குக் கம்பிதான்."

"அவசரமில்ல, பையவே மாட்டச் சொல்லுங்க. நான் வந்த பொறவு."

அடுத்த நாள் காலை, மனைவி தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் போய்விட்டாள். மனைவிக்குத் தெரியவில்லை. சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்துதான் சீப்பை வாங்கி வைத்தது. அப்போது மகளுக்குப் பத்தொன்பது வயது.

ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சரிவில் உருட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். "மத்த வீட்டுலலாம் படியில தூக்கி ஏத்துறதுக்குள்ள உயிர் போயிரும் அண்ணாச்சி. இங்கன வசதியா போட்ருக்கிய" என்று ஒருவன் சொன்னான். நல்ல பிள்ளை. தெரியாமல் சொன்னதுதான். முன்னறையில் வைத்தோம். காற்றில் தார்ப்பாய் தூக்கித் தூக்கி அடித்தது. கடைசியில் யாரோ அதைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். உடைத்த சுவர் வழியாகத் தெருவே உள்ளே பார்த்தது. மனைவி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காரியம் முடிந்த பிறகும் சுவர் அப்படியே கிடந்தது. மழை உள்ளே அடித்துத் தரையெல்லாம் நனைந்தது. மைத்துனர் வந்து, "பழைய ஜன்னலையே வச்சு அடச்சிருங்க அத்தான். இனிம எதுக்கு அது?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெரிய ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன முடியவில்லை. கொத்தனாரை வரச் சொன்னேன். அவர் உடைத்த செங்கலில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன செய்யணும் அண்ணாச்சி? சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பின்னறையிலிருந்து வந்தாள். குளித்திருக்கவில்லை, தலை வாரியிருக்கவில்லை.

"அவ சொன்ன அளவுக்கு வைங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தூசியால இல்ல. அதுக்கு முந்தியே அவளுக்குச் சளி இருந்துச்சு. நான்தான உங்ககிட்ட சொன்னேன்?" என்றாள்.

நான் அதைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. அதற்கு மேல் நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மகளுக்காக நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான். கொத்தனார் மண் சலிக்கும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றேன்.

பட்டறையில் தயாராகக் கிடந்த கிரில்லை அன்றே எடுத்துவந்தேன். கொத்தனார் ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் பிடித்தேன். மட்டம் சரியாக இருக்கிறதா என்று மனைவி எட்ட நின்று பார்த்துச் சொன்னாள். பூச்சுவேலை மூன்று பிற்பகல்களில் முடிந்தது. கொத்தனார் கூலி வாங்க மாட்டேன் என்றார். வாங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜன்னல் வழியாகத் தெரு நன்றாகத் தெரிகிறது. இந்தக் கோடியில் தண்ணீர்க் குழாயிலிருந்து அந்தக் கோடியில் டீக்கடை வரை தெரிகிறது. ஆனால் நாங்கள் அங்கே உட்காருவதில்லை. தெருவில் போகிறவர்களும் எங்கள் வீடு வரும்போது எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் போவேன்.

தை பிறந்ததும், கம்பி துருப்பிடித்துவிடும், பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாங்கள் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் கலர் அட்டையை எடுத்துப் போட்டார். மனைவி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பச்சை, நீலம், காப்பிப்பொடி நிறம், சாம்பல் என்று வரிசையாக இருந்தன. கடைசிப் பக்கம் வரை போய், திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"அவ எந்தக் கலர் கேட்டா?"

"என்கிட்ட சொல்லலயே."

"கம்பி எப்படி இருக்கணும்னு அவ்வளவு சொன்னவ, கலர் சொல்லலயா?"

"சொல்லலட்டி. உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கடைக்காரர் சாம்பல் நிறம்தான் இப்போது எல்லாரும் அடிக்கிறார்கள் என்றார். "பொறவு வாரோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். ரத வீதி வழியாக நடந்தோம். பூக்கட்டுகிற பெண்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். மனைவி வழியில் எங்கும் நிற்கவில்லை.

ஜன்னல் இன்னும் பட்டறையில் அடித்துத் தந்த செங்காவி நிற ப்ரைமரோடுதான் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் ஏதாவது ஒரு நிறம் பூசிவிட வேண்டும். நானும் சொல்கிறேன், அவளும் சொல்கிறாள். இரண்டு பேரும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம்.